ரீமேப் போட்ட போலோவா, ரெண்டு கோடி போர்ஷாவா: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு சின்ன ஹேட்ச்பேக் வாங்கி, அதைப் பிரித்து, மாற்றி, உடைத்து, மறுபடி சரிசெய்து, இன்னமும் அதையே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லமாட்டேன், சொன்னால் அந்த வண்டி வைத்திருக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். இன்னொரு பக்கம், எங்கள் முதலாளி ஒரு போர்ஷ் 911 வைத்திருக்கிறார். அதை சர்வீசுக்குக் கொண்டுபோய் விடுவது, எடுத்து வருவது எல்லாம் என் தலையில்தான் விழும், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ரெண்டையும் ஓட்டியவன் என்பதால் செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் பார்க்கிறவர்கள், மச்சினன், மச்சினனின் காலேஜ் கூட்டம், எதிர்வீட்டு டாக்டர் என்று எல்லோரும் இதே கேள்விகளோடு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணா, மொதல்ல ஸ்போர்ட்ஸ் கார்னா எதைச் சொல்றீங்க? ரெண்டு கதவு இருந்தா போதுமா?

போதாது. வேகமாக, அதுவும் திரும்பத் திரும்ப வேகமாக ஓட்டுவதற்கென்றே முதல் கோட்டிலிருந்து வரைந்த காரைத்தான் இங்கே ஸ்போர்ட்ஸ் கார் என்கிறேன். போர்ஷ் 911 அந்த வகை. வீட்டுக்கு மளிகை வாங்கப் போவதற்காக வரைந்த காரில் பெரிய இன்ஜினைப் போட்டால் அது வேகமான கார், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் கீழே நிறைய இடத்தில் வரும்.

மாடிஃபைடுனா ஸ்டிக்கர் ஒட்டி அலாய் மாத்துறதும் அதுல சேருமா?

உங்கள் காசு, உங்கள் ஸ்டிக்கர். ஆனால் இந்தப் பக்கத்தில் பேசுவது ஓட்டத்தை மாற்றும் வேலைகளை மட்டும்: ரீமேப், எக்ஸாஸ்ட், இன்டர்கூலர், சஸ்பென்ஷன், பிரேக், டயர். பின்னால் ஒரு பெரிய விங் மட்டும் வைத்துவிட்டு "மாடிஃபைடு" என்கிறவர்களை நான் தடுக்கப் போவதில்லை.

ரீமேப்னா என்னங்க பண்றாங்க? சும்மா லேப்டாப்பை மாட்டுனா எப்படிங்க பவர் கூடும்?

டர்போ (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் விசிறி) வைத்த இன்ஜினில் காற்றை எவ்வளவு அழுத்தத்தில் உள்ளே தள்ளுவது, எவ்வளவு பெட்ரோல் விடுவது, எந்த நொடியில் பற்றவைப்பது எல்லாவற்றையும் ஈசியூ என்கிற சின்னக் கணினி முடிவு செய்கிறது. கம்பெனி அதை எழுதும்போது மோசமான பெட்ரோல், ராஜஸ்தான் வெயில், மூன்று சர்வீஸைத் தவறவிட்ட ஓனர் எல்லோரையும் மனதில் வைத்துக் கொஞ்சம் அடக்கியே எழுதும். ரீமேப் செய்கிறவர் அந்த ஒதுக்கத்தில் ஒரு பங்கை எடுத்து உங்களுக்குத் தருகிறார். பவர் எங்கிருந்தோ வரவில்லை, பாதுகாப்புக்கு விட்டிருந்த இடத்திலிருந்து வருகிறது. டர்போ இல்லாத வண்டியில் அழுத்தத்தைக் கூட்ட வழியில்லை என்பதால், அதில் ரீமேப் போட்டு "பறக்குது" என்று யாராவது சொன்னால் அவர் செலவழித்த காசை நியாயப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பார்த்த வரை சின்ன டர்போ பெட்ரோல் வண்டிக்கு ஸ்டேஜ் 1 ரீமேப், அதாவது பாகம் எதையும் மாற்றாமல் மேப்பை மட்டும் மாற்றுவது, 40,000 முதல் 70,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். போட்ட அன்று ஓட்டும்போது வாய் தானாகச் சிரிக்கும், அதில் பொய்யில்லை.

அப்போ அம்பதாயிரத்துக்கு ரீமேப் போட்ட போலோ ஒரு போர்ஷை முந்திடுமா இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

முந்தாது.

கணக்குக் கேட்பீர்கள், சொல்கிறேன். 2013இல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 105 பிஎஸ் (குதிரைத்திறன் மாதிரிதான்), எடை சுமார் 1,100 கிலோ, நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கம்பெனி சொன்னது 9.7 வினாடி. நல்ல ரீமேப்புக்கு அப்புறம் 140 பிஎஸ் என்று வையுங்கள்: ஒரு டன்னுக்கு சுமார் 127 பிஎஸ். 2019இல் வந்த 911 கரேரா 385 பிஎஸ், எடை ஒன்றரை டன், ஒரு டன்னுக்கு 255க்கு மேல். அதாவது ரெண்டு மடங்கு. அதன் 0-100 நேரம் 4.2 வினாடி. என்னோடு ஓட்டுகிறவர்களின் ரீமேப் வண்டிகளில் நான் பார்த்தது எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில். இது கிட்டத்தட்டப் போட்டியே இல்லை.

யூடியூப்ல முந்துதே ப்ரோ?

அதில் ஓடுவது பெரும்பாலும் போலோ இல்லை, ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் மாதிரி ரெண்டு லிட்டர் டர்போ வண்டி. கம்பெனி தந்ததே 230 பிஎஸ். ரீமேப்பிலேயே 300ஐத் தொடும், டவுன்பைப்பும் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) டர்போவும் மாற்றினால் இன்னும் போகும். அப்படிப்பட்ட வண்டியை ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலிருந்து விரட்டினால், விலை நாலைந்து மடங்கு இருக்கும் காருக்குப் பக்கத்தில் நேர்கோட்டில் நிற்கத்தான் செய்யும். நின்ற இடத்திலிருந்து கிளம்பச் சொன்னால் கதை மாறும். 911க்கு இன்ஜின் பின்னால், ஓட்டும் சக்கரமும் பின்னால், எடையில் பெரும்பங்கு அங்கே அழுத்தும். முன்சக்கரத்தில் 300 பிஎஸ் வைத்திருப்பவர் முதல் கியரில் டயரைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்.

அப்புறம், அந்த வீடியோக்களில் வளைவே வராது என்பதைக் கவனியுங்கள். அதோடு, பாதி வீடியோ யாரோ நடந்து போகிற ரோட்டில் எடுத்தது. அதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

அவ்வளவு காசுக்கு வேகம் மட்டும் இல்லேன்னா அப்படி என்னதான் தர்றான்?

பத்தாவது லேப்பைத் தருகிறான், அதாவது டிராக்கில் பத்தாவது சுற்றை. என் கதையைச் சொன்னால்தான் இது புரியும்.

ரீமேப் போட்ட புதுசில் கரி டிராக்குக்குப் போனேன். டிராக் மொத்தமே 2.1 கிலோமீட்டர், அதனால் பிரேக்குக்கு மூச்சுவிட இடமே கிடைக்காது. முதல் லேப் சொர்க்கம். ரெண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது லேப்பில் பிரேக் பெடல் கொஞ்சம் ஆழமாகப் போன மாதிரி இருந்தது, மனப்பிரமை என்று விட்டுவிட்டேன். நாலாவது லேப்பில் நேர்ப்பாதை முடிவில் மிதித்தேன், பெடல் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி தரைவரைக்கும் போய்விட்டது. கியரைக் குறைத்து, பெடலைத் திரும்பத் திரும்பப் பம்ப் அடித்து, புல்லில் இறங்கி நின்றேன். முன்சக்கரம் ரெண்டிலும் புகை. கருகின நாற்றம் ரெண்டு நாளைக்கு கார் ஷெட்டில் இருந்தது.

நடந்தது என்னவென்றால், 100இல் பிரேக் அடிப்பதற்கும் 140இல் அடிப்பதற்கும் வித்தியாசம் 40 இல்லை. வேகம் 1.4 மடங்கு ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அது முழுவதும் சூடாக மாறும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுள்ளது. டாட் 4 என்கிற வகைப் புது பிரேக் ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் ஏறினால் 155 வரை இறங்கும். என்னுடையது மூன்று வருஷம் மாற்றாத ஆயில். கொதித்தது, ஆவியானது, ஆவியை அமுக்கினால் அமுங்கிக்கொண்டே போகும், பிரேக் பிடிக்காது. இன்ஜினுக்கு 50,000 செலவழித்தவன் ஆயிலுக்கு 600 ரூபாய் செலவழிக்கவில்லை.

முதலாளி தன் 911ஐ அதே டிராக்குக்குக் கொண்டுவந்த நாளில் நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். அவர் நல்ல டிரைவர் இல்லை (இதை அவர் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்). பன்னிரண்டு லேப் போனார், பெடல் அதே இடத்தில், டெம்பரேச்சர் முள் அதே இடத்தில். வெளியே வந்து ஏசியைக் கூட்டி, அவினாசி ரோட்டு டிராஃபிக்கில் அப்படியே வீட்டுக்கு ஓட்டிப் போனார். அந்தக் கடைசி வரிக்குத்தான் காசு. பிரேக், குளிர்விப்பு, கியர்பாக்ஸ், சேஸிஸ் எல்லாம் ஒன்றுக்கொன்று தெரிந்து வரைந்தவை.

அது ஏன் நம்ம ஊர்ல அவ்வளவு வெலை? அமெரிக்கால பாதிக்குக் கூட வராதாமே?

காரின் விலை பாதி, அரசாங்கத்தின் விலை பாதி. முழுதாக இறக்குமதியாகும் 40,000 டாலருக்கு மேற்பட்ட காருக்கு மொத்தச் சுங்கம் பல வருஷமாக 100 சதவீதத்தைத் தாண்டியே இருந்து வந்திருக்கிறது. அதற்கு மேல் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22க்கு அப்புறம் பெரிய கார்களுக்கு அது 40 சதவீதம். அப்புறம் நம் மாநிலத்தின் வாழ்நாள் வரி, 2023 நவம்பரில் கூட்டியதிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம். 2024இல் 911 கரேரா இங்கே சுமார் 2 கோடி ஷோரூம் விலைக்கு வந்தது. அப்படியென்றால் ரோடு டாக்ஸ் மட்டுமே ஏறக்குறைய 40 லட்சம். நம்பர் பிளேட் மாட்டும் முன்னாடியே ஒரு நல்ல காரின் விலை போய்விட்டது.

அதனால் "வொர்த்தா" என்ற கேள்விக்கு ஜெர்மனியில் ஒரு பதில், இங்கே ஒரு பதில். அங்கே எழுதியதைப் படித்துவிட்டு இங்கே வந்து என்னிடம் வாதாடாதீர்கள்.

சரி, பிரேக்கையும் மாத்திட்டா? டயரையும் மாத்திட்டா? அப்பவும் பத்தாதா?

நான் போன வழி இதுதான், வரிசையாகச் சொல்கிறேன். பிரேக் பேட், ஆயில் மாற்றினேன். இப்போது பிரேக் பிடித்தது, டயர் வழுக்கியது. நல்ல டயர் போட்டேன். டயர் பிடித்ததும் வண்டி வளைவில் பக்கவாட்டில் சாய ஆரம்பித்தது. காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய, இறுக்கமான ஸ்பிரிங்-ஷாக் செட்) போட்டேன், ஒரு லட்சத்துக்கு மேல். சாய்வு நின்றது, ஆனால் ரோட்டில் போனால் ஒவ்வொரு குழியையும் முதுகு சொன்னது. இடையில் கியர்பாக்ஸ் ஒரு நாள் உக்கடம் சிக்னலில் கியர் விழாமல் நின்றது. வண்டியை இழுத்துக்கொண்டு போன செலவு, சரிசெய்த செலவு சேர்த்து ரீமேப் போட்ட காசைப் போல ரெண்டு மடங்கு.

கியர்பாக்ஸ் விஷயத்தில் ஒரு பொதுவான கணக்கு உண்டு, தெரிந்துகொள்ளுங்கள். பழைய போலோ ஜிடியில் இருந்த ஏழு கியர் டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்), உலர் கிளட்ச் வகை, தாங்கும் திருகுவிசைக்குக் கம்பெனி வைத்த எல்லை 250 நியூட்டன் மீட்டர். வண்டி தந்தது 175. ரீமேப்பில் 230, 240 என்று போனால் எல்லையின் வாசலில் நிற்கிறீர்கள். அதுவும் நம் ஊர் ஜாம்களில் ஊர்ந்துகொண்டே. இன்ஜின் தாங்கும், மற்றது தாங்குமா என்று ஸ்டேஜ் 2 விற்கிறவர் தானாகச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மொத்தத்தில் என் ஹேட்ச்பேக்கில் இதுவரை போட்ட காசு வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு மேல். அப்பவும் 911 ஆகவில்லை. ஆனால் ஆறாவது, ஏழாவது லேப் வரை வருகிறது, அதில் எனக்கு இருக்கிற பெருமை முதலாளிக்கு அவர் வண்டி மேல் இருக்குமா என்று சந்தேகம்.

எதை மொதல்ல மாத்தணும்? கைல ஒண்ணரை லட்சம் இருக்குங்ண்ணா.

மேலே சொன்ன என் வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் டயர். 185/60 ஆர்15 அளவு டயரில் ஓடும் வண்டிக்கு 195/55 ஆர்15 நல்ல கம்பெனி டயர் போட்டாலே வேறு வண்டி மாதிரி இருக்கும். வெளிச்சுற்று கிட்டத்தட்ட அதேதான், ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. அப்புறம் பிரேக் பேட், புது ஆயில். ரெண்டும் சேர்ந்து உங்கள் காசில் பாதிகூட ஆகாது. மிச்சக் காசில் ரெண்டு டிராக் டே (சொந்த வண்டியை டிராக்கில் ஓட்டவிடும் நாள்) போய் யாராவது தெரிந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கப்புறமும் வேகம் போதவில்லை என்று தோன்றினால் ரீமேப். நிறையப் பேருக்குத் தோன்றாது.

ஒரு சின்ன விஷயம்: டிராக்கிலிருந்து வெளியே வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். ஒரு லேப் மெதுவாக ஓட்டிச் சூடு தணித்து, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துங்கள். சூடான பேடை டிஸ்கில் அமுக்கி நிறுத்தினால் அந்த ஒரு இடத்தில் பேடு ஒட்டி, அப்புறம் பிரேக் அடிக்கும்போதெல்லாம் வண்டி நடுங்கும்.

போலீஸ் பிடிக்குமா? எல்லாரும் தானே போட்டிருக்காங்க?

பிடிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி முதலில் சொன்னதற்கும் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நிறம் மாற்றுவது, கேஸ் கிட் போடுவது மாதிரி சிலவற்றுக்கு ஆர்.டி.ஓ. அனுமதியோடு வழி உண்டு. அதே வருஷம் சேர்த்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாமல் மாற்றிய ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும் என்று இருக்கிறது.

நடைமுறையில் மாட்டிவிடுவது சத்தம். ரீமேப் கண்ணுக்குத் தெரியாது, எக்ஸாஸ்ட் அரை கிலோமீட்டருக்குக் கேட்கும். சத்தம், புகை விதியை மீறினால் 10,000 வரை அபராதம், லைசென்சையும் மூன்று மாதத்துக்கு முடக்கலாம். ராத்திரி பதினொரு மணிக்கு ஆர்.எஸ்.புரத்தில் படபடவென்று வெடிக்கவிட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு அது கிடைத்தால் எனக்குத் துளியும் வருத்தமில்லை. "எல்லாரும் போட்டிருக்காங்க" என்பது எஸ்.ஐ.யிடம் எடுபடாத வாதம், முயற்சி செய்தவன் சொல்கிறேன்.

இன்சூரன்ஸ்காரனுக்கு எப்படித் தெரியப் போவுது?

சாதாரணக் கீறலுக்குத் தெரியாது. பெரிய விபத்தில் சர்வேயர் வந்து பானெட்டைத் திறப்பார், அவருக்கு அதுதான் தொழில். மாற்றத்தைச் சொல்லாமல் பாலிசி எடுத்திருந்தால் அதைக் காட்டி க்ளெய்மை மறுக்கவோ குறைக்கவோ இடம் உண்டு. சொல்லிவிட்டால் பிரீமியம் கூடும், சில கம்பெனிகள் எடுக்கவே மறுக்கும். டயர், அலாய் மாதிரி விஷயங்களைச் சொல்லி பாலிசியில் எழுதி வாங்கிவிடுங்கள். ரீமேப் போட்டுவிட்டு அதைச் சொல்லாமல் இருக்கிறீர்களென்றால், பெரிய விபத்தில் அந்தக் கார் உங்கள் சொந்தக் காசு என்று நினைத்து ஓட்டுங்கள்.

வாரன்ட்டி போயிடுமா? சர்வீசுக்கு விடறப்ப பழைய மேப்பைத் திரும்பப் போட்டுட்டா தெரியாதுல்ல?

போகும். திரும்பப் போட்டாலும் தெரிய வாய்ப்பு அதிகம். நிறைய ஈசியூக்கள் தன்னை எத்தனை முறை எழுதினார்கள் என்று எண்ணி வைத்திருக்கும். கம்பெனியின் கணக்கில் ரெண்டு, உங்கள் வண்டியில் ஆறு என்றால் சர்வீஸ் அட்வைசர் ஒன்றும் பேசாமல் போட்டோ எடுத்துக்கொள்வார். வாரன்ட்டி இருக்கிற வரை கையை வைக்காதீர்கள்.

அவ்வளவு காஸ்ட்லி காரை நம்ம ரோட்டுல எங்கங்க ஓட்டறது? ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டாதா?

எதிர்வீட்டு டாக்டர் கேட்டது. விதிப்படி போட்ட ஸ்பீட் பிரேக்கர் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மெதுவாக ஏறி இறங்குகிற வளைவு. அப்படியிருந்தால் 911 அமைதியாகத் தாண்டும். நம் தெருவில் இருப்பது ஊர்க்காரர்கள் ஒரு சட்டி தாரைக் கொட்டி ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டது. முன்பக்கத்தை 40 மில்லிமீட்டர் தூக்குகிற வசதியைத் தனியாகக் காசு கட்டி வாங்கலாம், முதலாளி வாங்கியிருக்கிறார். சர்வீசுக்குக் கொண்டுபோகும் வழியில் அந்தப் பொத்தானை எத்தனை தடவை அமுக்குவேன் என்று ஒரு நாள் எண்ணினேன், பதினாலு.

வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் போட்ட மாடிஃபைடு காருக்கு அந்தப் பொத்தான்கூடக் கிடையாது. குறுக்காக ஏற்றி, பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்க அடிக்க இறக்க வேண்டியதுதான். வேகத்துக்கு வந்தால், நாலுவழிச் சாலையில் சட்டப்படி அதிகபட்சம் 100. அதை என் ஹேட்ச்பேக் மூன்றாவது கியரிலேயே தாண்டும், 911 ரெண்டாவதிலேயே தாண்டும். ரோட்டுக்காக மட்டும் என்றால் ரெண்டுமே வீண்தான்.

கம்பெனியே மாடிஃபை பண்ணித் தந்தா இந்தத் தலைவலி எல்லாம் இல்லைல்ல?

இல்லை. அதுதான் எனக்குப் பிடித்த வழியும். நம் ஊரிலேயே நடந்தது. கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோடிவ்ஸ் டாடாவோடு சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி கொண்டுவந்தது. 1.2 லிட்டர் டர்போ, 114 பிஎஸ், அகல டயர், இறுக்கமான சஸ்பென்ஷன், ஷோரூம் விலை 6.39 லட்சம். 0-100 பத்து வினாடிக்குக் கீழே. லோன் கிடைத்தது, வாரன்ட்டி இருந்தது, ஆர்.சி.யில் பிரச்சினையில்லை. பிஎஸ்6 புகை விதி வந்த 2020இல் நின்றுபோனது, நாம் வாங்கவில்லை என்பதும் ஒரு காரணம்தான். இணையத்தில் புகழ்ந்தவர்களில் பத்தில் ஒருவர் வாங்கியிருந்தாலும் இன்னும் ஓடியிருக்கும் என்று எனக்கு ஒரு ஆதங்கம்.

அதற்கு முன்னால் 2015இல் ஃபியட் அபார்த் புன்டோ, 145 பிஎஸ், பத்து லட்சத்துக்கு ஒரு ஐயாயிரம் குறைவு. அதன் கதியும் அதேதான். இப்போதைக்கு ஹூண்டாய் ஐ20 என் லைன் மாதிரி கொஞ்சம் இறுக்கிய வண்டிகள் இருக்கின்றன. 120 பிஎஸ்தான், ஆனால் பழுதில்லாமல் ஓடும். அதைச் செய்யும் தொழிற்சாலையும் சென்னை ரேஸ் டிராக்கும் ஒரே இருங்காட்டுக்கோட்டையில் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கை.

ரெண்டு கோடியும் வேண்டாம், பத்து லட்சமும் வேண்டாம். நடுவுல ஒண்ணும் இல்லையா?

இருக்கிறது, அதைத்தான் காசுள்ளவர்களுக்குச் சொல்கிறேன். பிஎம்டபிள்யூ எம்340ஐ செங்கல்பட்டு பக்கத்தில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையில் அசெம்பிள் ஆகிறது, அதனால் முழு இறக்குமதியின் சுங்கம் இல்லை. 2021 மார்ச்சில் வந்தபோது 62.90 லட்சம், 387 குதிரைத்திறன், 0-100 நேரம் 4.4 வினாடி. மேலே சொன்ன 911இன் நேரத்தை ஒருமுறை பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு காசு, நாலு கதவு, பெட்டி வைக்க டிக்கி. வளைவில் 911 மாதிரி இருக்காது, கனம். ஆனால் மாமியாரைப் பின்சீட்டில் உட்கார வைக்கலாம்.

இன்னும் குறைத்தால் செகண்ட் ஹேண்டில் நல்ல ஆக்டேவியா விஆர்எஸ். வாங்கும்போது ரீமேப் போட்டதா என்று கேட்காதீர்கள், "எந்த ஸ்டேஜ்" என்று கேளுங்கள். உண்மை தானாக வரும்.

எலக்ட்ரிக் கார்லாம் மூணே செகண்ட்ல போவுதாம். இந்தப் பேச்சே இனி எதுக்கு?

நேர்கோட்டில் வேகம் மட்டும் வேண்டுமென்றால், ஆமாம், பேச்சு முடிந்தது. 2024இல் வந்த பிஒய்டி சீலின் மேல் மாடல் 53 லட்சத்துக்கு 530 பிஎஸ், 3.8 வினாடி. மஹிந்திரா பிஇ 6 அதில் பாதி விலைக்கு 6.7 வினாடி. சிக்னலில் ரெண்டுமே என் பன்னிரண்டு வருஷ உழைப்பைச் சிரித்துக்கொண்டே தாண்டும், தாண்டியும் இருக்கிறது.

ஆனால் சீலின் எடை ரெண்டு டன்னுக்கு மேல். பிரேக் கணக்கை மேலே போட்டோமே, அதில் எடையையும் ரெண்டு மடங்காக்கிப் பாருங்கள். டிராக்கில் சில லேப்புக்கு அப்புறம் சூட்டைச் சமாளிக்க பவரைக் குறைத்துக்கொள்ளும் எலக்ட்ரிக் கார்கள் நிறைய. திரும்பவும் பத்தாவது லேப் பேச்சுதான். ஒன்று மட்டும் மாறியது: "என் கார் 0-100 இவ்வளவு" என்பதற்காக மட்டும் யாரும் இனி கோடி கொடுக்க வேண்டாம், ரீமேப்பும் போட வேண்டாம்.

ரீசேல்ல எது தேறும்?

மாடிஃபை செய்த காசு திரும்பாது. ஒரு ரூபாய்கூட. வாங்க வருகிறவர் எக்ஸாஸ்டைப் பார்த்ததும் "நல்லா அடிச்சு ஓட்டியிருப்பாங்க" என்று விலையைக் குறைப்பார், அவர் சொல்வதும் உண்மைதான். பழைய ஒரிஜினல் பாகங்களைத் தூக்கிப் போடாமல் அட்டைப் பெட்டியில் வையுங்கள், விற்கும்போது திரும்ப மாட்டிவிட்டு மாற்றியதைத் தனியாக விற்கலாம். என் வீட்டுப் பரணில் அந்தப் பெட்டிகளால் தீபாவளிப் பாத்திரத்துக்கு இடமில்லை என்று புகார் இருக்கிறது. போர்ஷ் பக்கம், சதவீதத்தில் மற்ற பெரிய கார்களை விட மெதுவாக இறங்கும். ஆனால் ரெண்டு கோடியில் 20 சதவீதம் இறங்கினாலும் 40 லட்சம்.

காசில்லாதவன் தான் மாடிஃபை பண்றான்னு எங்க மாமா சொல்றாருங்ண்ணா. நெசமா?

உங்கள் மாமாவிடம் கரி டிராக்குக்கு யார் பெயர் என்று கேளுங்கள். எஸ். கரிவரதன், ஜவுளி ஆலைக் குடும்பம், எந்தக் காரையும் வாங்கியிருக்கக்கூடியவர். மாருதி 800இன் 796 சிசி இன்ஜினை எடுத்து, டிரைவருக்குப் பின்னால் வைத்து, ஒற்றை சீட் ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். அதில் ஓட்டித்தான் நரேன் கார்த்திகேயன் ரேஸுக்குள் வந்தார், 2005இல் ஃபார்முலா 1 வரை போனார். சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் ரேஸ் நடந்த காலத்திலும் ஓடியவற்றில் பாதி வீட்டு ஷெட்டில் மாற்றியவைதான். கையில் கிடைத்ததை வேகமாக்குவது இந்த ஊரில் கேவலமான விஷயமாக எப்போதும் இருந்ததில்லை.

கடைசியா ஒண்ணு: உங்க கைல ரெண்டரைக் கோடி கிடைச்சா 911 வாங்குவீங்களா மாட்டீங்களா?

இத்தனை எழுதியவன் "மாட்டேன்" என்று சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். போன மாசம் சர்வீஸ் முடித்து எடுத்து வரும்போது, பாலக்காடு ரோட்டில் காலை ஆறு மணி, ரோடு காலி, ஜன்னலைத் திறந்து ஒரே ஒரு தடவை மூன்றாவது கியரில் மிதித்தேன். பின்னாலிருந்து வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எந்த எக்ஸாஸ்ட் கடையும் அதைப் பொருத்தித் தர முடியாது.

ஆனாலும் கணக்குப்பிள்ளை கணக்குப்பிள்ளைதானே. செகண்ட் ஹேண்ட் எம்340ஐ ஒன்று, உள்ளே எல்லாவற்றையும் பிரித்தெடுத்து ரோல் கேஜ் (விபத்தில் காக்கும் கம்பிக் கூண்டு) வைத்த ஒரு பழைய ஹேட்ச்பேக் டிராக்குக்கு ஒன்று, அதை இழுத்துப்போக ஒரு டிரெய்லர். எல்லாம் சேர்த்து 80 லட்சத்துக்குள் முடியும். மிச்சத்துக்கு வீட்டில் ஏற்கெனவே காளப்பட்டி பக்கம் ஒரு சைட் பார்த்து வைத்திருக்கிறார்களாம். காசு வரவில்லை, சைட் மட்டும் முடிவாகிவிட்டது.